எண்பத்து நாலு மில்லிமீட்டர்

மாசாணத்துக்கு இருபத்தாறு வருடமாக ஒரே சாமிதான். அது சோமனூர் ரோட்டிலுள்ள ஒரு நூல்மில்லின் கார்டிங் கூடத்தில், பின்சுவரில், ஆளின் கண் உயரத்துக்கு மாட்டியிருந்தது. ஒரு பலகை. அதில் அடிப்பக்கம் வளைந்து இரண்டு கால்களாக நிற்கும் கண்ணாடிக் குழாய். குழாயில் பாதிக்கு நீலத் தண்ணீர். மானோமீட்டர் என்று அதற்குப் பெயர். மில்லில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள், மாசாணத்துக் குழாய் என்றால்தான் தெரியும். ஆயுத பூஜைக்கு மற்றவர்கள் தங்கள் மிசினுக்குச் சந்தனம் தடவிவிட்டுப் பொரிகடலை வாங்கப் போய்விடுவார்கள். மாசாணம் அந்தப் பலகையின் நான்கு மூலைக்கும் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிற்பார்.

கார்டிங் என்பது பஞ்சைச் சீவிச் சிக்கெடுத்துத் திரியாக்குகிற இடம். சீவும்போது தூசியும் பொடிப்பஞ்சும் கிளம்பும். அதை உறிஞ்சி வெளியே தள்ளுவதற்காகத் தலைக்கு மேலே பெரிய தகர டக்ட் ஓடுகிறது, அதன் கடைசியில் ஒரு ஃபேன் இருக்கிறது. ஃபேன் சரியாக இழுக்கிறதா என்று பார்ப்பதுதான் குழாயின் வேலை. டக்ட்டில் ஒரு சிறு துளை போட்டு, அதிலிருந்து ரப்பர் டியூபைக் கொண்டுவந்து கண்ணாடிக் குழாயின் இடது காலில் மாட்டியிருப்பார்கள். வலது கால் திறந்தே இருக்கும். டக்ட் இழுக்கும்போது இடது காலில் தண்ணீர் ஏறும், வலது காலில் அதே அளவு இறங்கும். ஏறியதையும் இறங்கியதையும் கூட்டினால் இழுவை எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்துவிடும். எண்பதுக்குக் கீழே போகக்கூடாது. போனால் தூசி டக்ட்டுக்குள் போகாமல் வேலை செய்கிறவர்களின் மூக்குக்குள் போகும்.

பழைய பலகையில் வலது கால் பக்கத்து எண்கள் எண்ணெய்க் கை பட்டுப் பட்டு அழிந்திருந்தன. அதனால் இடது காலை மட்டும் படித்து, மனசுக்குள் ரெண்டால் பெருக்கி ரிஜிஸ்டரில் எழுதுவது அந்த மில்லின் வழக்கம். நாற்பத்திரண்டு என்றால் எண்பத்து நாலு. மாசாணத்துக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர்களும் அப்படித்தான் எழுதினார்கள், அதில் ஒரு தப்பும் இல்லை.

அவர் ஆனைமலைப் பக்கத்துக்காரர். அப்பனும் ஆத்தாளும் தென்னந்தோப்பில் கூலிக்கு மட்டை பொறுக்கியவர்கள். தோப்புக்காரர் வீட்டு வாசலுக்கு வெளியே நின்று என்ன சொன்னாலும் உள்ளே இருக்கிறவர்கள் பாதி காதில்தான் வாங்குவார்கள். அந்தக் குடும்பத்தில் யாருடைய சொல்லையும் யாரும் எழுதி வைத்துக்கொண்டதில்லை. எட்டாவது வரைக்கும் படித்த மாசாணம் மில்லுக்கு வந்து, தினம் காலை எட்டு மணிக்கு ஒரு எண்ணை எழுதுகிறார், அதற்குக் கீழே மில்லின் உற்பத்தியைக் கவனிக்கிற ஸ்பின்னிங் மாஸ்டர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுகிறார். அந்த மரியாதைக்கு அவர் உயிரையே கொடுப்பார். ஒருநாள் காய்ச்சலில் வரமுடியாமல் போனபோது, ரிஜிஸ்டரில் அந்தக் கட்டம் வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு மூன்று நாள் சோறு இறங்காமல் இருந்தார்.

தண்ணீருக்கு நிறம் வேண்டும், இல்லாவிட்டால் மட்டம் தெரியாது. கலர் பொடி வாங்கித் தரச் சொல்லி ஸ்டோர்ஸில் கேட்டால் ஆறு மாதம் ஆகும். மாசாணம் வீட்டிலிருந்து சொட்டு நீலம் கொண்டுபோய் நாலு சொட்டு விடுவார்.

"வேட்டிக்குப் போடற நீலத்தையெல்லாம் அந்தக் கொழாய்க்கே ஊத்துங்க. உங்க வேட்டி பழுப்பாக் கெடக்குது, அது மட்டும் பளபளன்னு இருக்குது" என்பாள் மயிலாத்தாள்.

மயிலாத்தாள் அவர் மனைவி. அதே மில்லில், அதே கார்டிங் கூடத்தில், அவர் அளக்கிற டக்ட்டுக்கு நேர் கீழே வேலை செய்தாள். திரி அறுந்தால் ஒட்டுவது, திரி விழுகிற கேனை மாற்றுவது, மிசினுக்கு அடியில் கூட்டுவது என்று எட்டு மணி நேரமும் காலில் நின்றபடியே வேலை. சுருக்கென்று பேசுகிறவள். சிரித்தால் அடுத்த கூடத்துக்குக் கேட்கும்.

ஏழு வருடத்துக்கு முன்னால் மில்லில் எட்டு கார்டிங் மிசின் புதிதாக வந்து இறங்கியது. எட்டு பதினாறானது. மிசின் வந்ததே தவிர ஃபேன் வரவில்லை, இருக்கிற ஃபேனிலேயே இணைத்துவிடுங்கள் என்றார் மாஸ்டர். அந்தக் குலுக்கலில் பழைய பலகை கீழே விழுந்து குழாய் உடைந்தது. மாசாணம் சொந்தக்காரர் செத்ததுபோல உட்கார்ந்திருந்தார். ஒரு வாரத்தில் புதுப் பலகை வந்தது. வெள்ளைப் பெயின்ட், கறுப்பு எண்கள், இரண்டு பக்கமும் தெளிவு. நீலம் ஊற்றி, குமிழி போகத் தட்டி, டியூபை மாட்டினார். பதினாறு மிசினும் ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் பின்னால் நின்றார். தண்ணீர் ஏறி, ஆடி, நின்றது. மாசாணம் கண்ணை மட்டத்துக்கு நேராக வைத்து இடது காலைப் படித்தார்.

நாற்பத்திரண்டு.

"எண்பத்து நாலுங்க சார்!" என்றார். 

"பாத்தியா? பழைய ஃபேனே போதும்னு நாஞ் சொன்னனல்ல?" என்று மாஸ்டர் அவர் தோளில் தட்டினார். மிசின் இரட்டிப்பாகியும் இழுவை குறையவில்லை என்றால் அதற்குக் காரணம் தான்தான் என்று மாசாணம் நம்பினார். மிசின் இணைப்பதற்கு முன்னால் அவர்தான் டக்ட்டுக்குள் தவழ்ந்து போய் மூன்று நாள் அழுக்குச் சுரண்டியிருந்தார். அந்த வருட ஆயுத பூஜையில் அவருக்குச் சிறந்த தொழிலாளி என்று ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். அது வீட்டில் டிவிக்கு மேலே ஏறியது.

இரண்டு மாதம் போயிருக்கும். சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டே மயிலாத்தாள் சொன்னாள்.

"ஏனுங்க, டக்ட்டு இழுக்கறதில்லீங்க."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லோணும்? மிசினு மூடியத் தொறந்தா முன்னெல்லாம் பஞ்சு மேல போவும். இப்ப என்ற மூஞ்சிக்கு வருதுங்க."

"அம்மணி, எட்டு மிசினு பதினாறாச்சு. பறக்கறதும் ரெண்டு பங்கு பறக்கத்தான் செய்யும். இழுவை எண்பத்து நாலு நிக்குது. தெனமும் பாக்கறவன் நானா, நீயா?"

அவள் விடவில்லை. நாலு நாளைக்கு ஒருமுறை அதையே சொன்னாள். ஒருநாள் டீ நேரத்தில் மாசாணம் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்ப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார். கூடவே வேலை செய்கிற பெண்கள் ஏழெட்டுப் பேரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

"பாரு. நாப்பத்திரண்டு. ரெண்டால பெருக்கு. எத்தனை?"

மயிலாத்தாள் குழாயைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் புருவத்தை அழுத்தித் துடைத்து, அதில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினாள்.

"உங்க கொழாய் சொல்றது எனக்குத் தெரியாதுங்க. என்ற புருவம் சொல்றதத்தா நாஞ் சொல்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மாசாணம் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அவளுக்கு அன்றே ஒரு பெயரும் வைத்தார், புருவ மீட்டர் என்று. "இன்னிக்குப் புருவ மீட்டர் எத்தனை காட்டுது?" என்று கேன் தள்ளுகிறவர்கள்கூடக் கேட்க ஆரம்பித்தார்கள். முதல் வருடம் அவளும் சேர்ந்து சிரித்தாள். அப்புறம் டக்ட் பேச்சையே எடுப்பதில்லை. அவளைப் பேச்சில் ஜெயித்துவிட்டதாக மாசாணம் நினைத்துக்கொண்டார். மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்தால் அது மற்றவர்களுக்குத்தான் தெரியும், அவனுக்குத் தெரியாது.

நோய் திங்கட்கிழமையில் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை லீவில் நன்றாக இருப்பாள். திங்கட்கிழமை வேலைக்குப் போய் இரண்டு மணி நேரத்தில் நெஞ்சை யாரோ கயிறு கட்டி இறுக்குகிற மாதிரி இருக்கும். செவ்வாய், புதனில் தேறிவிடும். "ஞாயித்துக்கெழமை கறி திங்கறயல்ல, திங்கக்கெழமை அடைக்கத்தாஞ் செய்யும்" என்றார் மாசாணம். அவள் கறியை விட்டாள். திங்கட்கிழமை விடவில்லை. மூன்றாவது வருடம் செவ்வாயும் சேர்ந்துகொண்டது. ஐந்தாவது வருடம் எல்லாக் கிழமையும் ஒன்றுதான் என்றாகிவிட்டது. குடம் தூக்க முடியவில்லை. சிரிப்பு வந்தால் அதற்குப் பின்னாலேயே இருமல் வந்தது. அதனால் சிரிப்பதையும் குறைத்துக்கொண்டாள்.

ஆறாவது வருடம் அவள் உடம்பு வேலைக்குத் தகுதியில்லை என்று மில்லில் எழுதி அனுப்பிவிட்டார்கள். அனுப்பும்போது பர்சனல் மேனேஜர் பிரியமாகச் சொன்னார். "இது உங்க ஒடம்பு வாகுங்க, மில்லு என்ன பண்ணும்? நல்லா ரெஸ்ட் எடுங்க."

அந்த வார்த்தை அவளுக்கு ஆறவேயில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், இது பஞ்சுத் தூசியால் வரும் நோய் மாதிரி இருக்கிறது, மருத்துவக் குழுவுக்கு எழுதிப்போடுங்கள், அவர்கள் விசாரித்துத் தொழிலால் வந்ததா இல்லையா என்று எழுதித் தருவார்கள் என்றார். மயிலாத்தாள் பிடிவாதமாக நின்றாள்.

"என்ற ஒடம்புல கோளாறில்லை, அந்த மில்லுலதா கோளாறுன்னு ஒரு காயிதத்துல எழுதோணுங்க. எனக்கு அது போதும். செத்தாலும் அந்தக் காயிதத்தோட சாவேன்."

குழு மில்லிடம் விவரம் கேட்டது. மில் ஒரு கட்டு ஜெராக்ஸ் அனுப்பியது. ஏழு வருட ரிஜிஸ்டர். ஒரு நாள் விடாமல் எண்பத்து நாலு, எண்பத்து மூன்று, எண்பத்தைந்து, எண்பத்து நாலு. அழகான, வரிசை பிசகாத கையெழுத்து. குழு படித்தது. தூசி உறிஞ்சும் வசதி போதிய அளவில் இருந்திருப்பதால் இது தொழிலால் வந்த நோய் என்று சொல்ல ஆதாரமில்லை, ஆஸ்துமா என்று பதில் வந்தது.

அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு மாசாணம் இப்படிச் சொன்னார்.

"ரிஜிஸ்டரு பொய் சொல்லுமா அம்மணி? உங்கப்பனுக்கும் மூச்சிழுப்பு இருந்துச்சல்ல?"

மயிலாத்தாள் பதினோரு நாள் அவரோடு பேசவில்லை. சோறு போட்டாள், மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஐந்து மாதம் கழித்து, கரண்ட் பில் ஏறிக்கொண்டே போகிறது என்று மின்சாரம் எங்கே வீணாகிறது என்று பார்க்கிற ஒரு கம்பெனியை மில்லில் அழைத்தார்கள். சரவணம்பட்டியிலிருந்து சைத்ரா என்கிற இன்ஜினியர் பெண் வந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். கையடக்கமாக ஒரு டிஜிட்டல் மானோமீட்டர் வைத்திருந்தாள். டக்ட்டின் துளையில் டியூபைச் செருகினாள். திரையைப் பார்த்தாள், நெற்றியைச் சுருக்கினாள்.

"அண்ணா, இழுவை நாப்பத்தி ஒன்னுதானுங்ணா காட்டுது."

மாசாணம் சிரித்தார். "உங்க மிசினு சரியில்லீங்க கண்ணு. எண்பத்து நாலு."

சைத்ரா பொறுமையாக வேறு இரண்டு இடத்தில் மாட்டிப் பார்த்தாள். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. "உங்க பலகையைப் பாக்கலாமுங்ளா?" என்று கேட்டாள். மாசாணம் ராஜநடையில் கூட்டிக்கொண்டு போனார்.

"இதுலயும் நாப்பத்திரண்டுதானே இருக்குதுங்ணா?"

"அது ஒரு காலு கண்ணு. ஏறுனது நாப்பத்திரண்டு, எறங்குனது நாப்பத்திரண்டு. கூட்டுனா எண்பத்து நாலு. இருபத்தாறு வருசமா பாக்கறனல்ல."

அந்தப் பெண் பலகைக்குக் கிட்டே போனாள். பையிலிருந்து ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, பலகையின் எண்களுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துப் பிடித்தாள்.

பலகையில் பூஜ்யத்துக்கும் பத்துக்கும் நடுவில் இருந்த தூரம் ஸ்கேலில் ஐந்து மில்லிமீட்டர்தான்.

"இது நேரா படிக்கிற பலகைங்ணா. ஒரு காலைப் பாத்தாலே போதுங்கற மாதிரி, ஏற்கெனவே ரெண்டால பெருக்கித்தான் எண்ணைப் போட்டிருக்காங்க. நீங்க அதை மறுபடியும் பெருக்கியிருக்கீங்க."

மாசாணம் ஸ்கேலைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பழைய பலகையில் நாற்பத்திரண்டுக்குத் தண்ணீர் இரண்டு விரற்கடைக்குக் குறையாமல் ஏறும். இதில் ஒரு விரற்கடைதான். ஏழு வருடமாகத் தினமும் இந்த இடத்தில் நின்றிருக்கிறார். அவர் கண் எண்ணைப் பார்த்தது, உயரத்தைப் பார்க்கவேயில்லை. எட்டு மிசின் சேர்த்த அன்றே இழுவை சரிபாதியாக விழுந்துவிட்டது. பாதியாக விழுந்ததை அவர் இரட்டிப்பாக்கி எழுதிவிட்டார். ஷீல்டும் வாங்கிவிட்டார்.

சைத்ரா ஏதோ சமாதானமாகச் சொன்னாள். அவர் காதில் ஏறவில்லை. கூடத்தில் நாலாவது மிசினைப் பார்த்தார். அதுதான் மயிலாத்தாளின் மிசின். அங்கே இப்போது வேறொருத்தி நின்றுகொண்டிருந்தாள். அவள் புருவமும் வெள்ளையாக இருந்தது.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனபோது மயிலாத்தாள் முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். சட்டையைக்கூடக் கழற்றாமல் எதிரில் உட்கார்ந்து, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். ஸ்கேல் வைத்தது வரைக்கும் சொன்னார். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"எத்தனை வருசமுங்க?"

"ஏழு."

"அப்ப என்ற புருவஞ் சொன்னது நெசந்தானுங்க."

"நெசம்."

அடிப்பாள், அழுவாள், சாபம் விடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அதில் ஏதாவது ஒன்று நடந்திருந்தால் அவருக்கு நல்லதாகப் போயிருக்கும். அவள் மொச்சைத் தொலியை வாரி ஓரமாகக் கொட்டினாள்.

"செரிங்க. எந்தக் கையால அத எழுதுனீங்களோ, அந்தக் கையாலயே இத எழுதிக் குடுங்க."

மறுநாள் மாஸ்டரிடம் போனார். மாஸ்டர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஏம்ப்பா மாசாணம், அறியாம நடந்துபோச்சு. இனிமேலு சரியா எழுது. பழசக் கிண்டாதே. ஏழு வருசம் தப்பா எழுதினேன்னு நீயே சொன்னா வேலை உனக்குத்தானப்பா போவும்."

"என்ற வேலை போனாப் போவுதுங்க சார். அவளுக்கு மூச்சே போச்சுங்க."

 செய்ய வேண்டியதை மில் செய்துகொண்டது. மூன்றே வாரத்தில் பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு இரண்டு மடங்கு பெரிய ஃபேனை மாட்டினார்கள். ஏழு வருடமாகக் கிடைக்காத ஃபேன் எங்கேதான் ஒளிந்திருந்ததோ. பலகையைக் கழற்றி ஸ்கிராப்பில் போட்டுவிட்டு டிஜிட்டல் மீட்டர் வைத்தார்கள். மாசாணத்தைப் பஞ்சுக் குடோனுக்கு மாற்றினார்கள். கையில் ஒரு மெமோவும் கொடுத்தார்கள். அதில் பணியில் கவனக்குறைவு என்று மட்டும் இருந்தது. டக்ட் இல்லை, குழாய் இல்லை, எண் இல்லை. குழுவிடம் காட்டினாலும் உதவாதபடி, விவரம் தெரிந்தவர்கள் எழுதிய மெமோ அது.

அவர் ஸ்கிராப்பில் தேடிப் பலகையை எடுத்து, சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். சைத்ராவுக்குப் போன் செய்து, நாற்பத்தொன்று என்று அவள் எழுதிய ரிப்போர்ட்டைக் கேட்டார். அந்தப் பெண், "ரிப்போர்ட்டு மில்லுக்குச் சொந்தமுங்ணா. வெளிய குடுக்கமாட்டோம்னு கம்பெனி எழுதிக் குடுத்திருக்குது. எனக்கும் மனசு கேக்கலீங்ணா" என்றாள். பொய் சொல்லவில்லை, மனசு கேட்கத்தான் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு மாசாணம் என்ன செய்வார்?

நான்கு பக்கம் எழுதிக் குழுவுக்கு அனுப்பினார். இரண்டு மாதத்தில் மறுபடியும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

மயிலாத்தாள் கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரி மாடிப்படியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். அறையில் மூன்று டாக்டர்கள், ஒரு பக்கம் மில்லின் பர்சனல் மேனேஜர். நடுவில் இருந்த டாக்டரம்மா மரியாதையாகப் பேசினார், மாசாணத்தை உட்காரச் சொன்னார். அவர் சாக்கைப் பிரித்துப் பலகையை மேசைமேல் வைத்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த அடிஸ்கேலை ஒட்டிப் பிடித்துக் காட்டினார். ஸ்கேல் இரண்டு தடவை நழுவிக் கீழே விழுந்தது. டாக்டர் குனிந்து கவனமாகவே பார்த்தார்.

"இந்தப் பலகை சரியான பலகைதானே?" என்று கேட்டார்.

"பலகை சரிதானுங்கம்மா. நாந்தா அதுக்கு மேல பெருக்கிப்போட்டேன்."

"எங்கே பெருக்கினீங்க? ரிஜிஸ்டர்ல பெருக்கின கணக்கு இருக்கா?"

"மனசுக்குள்ளதானுங்க பெருக்கறது. எழுதறது எண்பத்து நாலுன்னு மட்டுந்தா."

டாக்டர் மற்ற இருவரையும் பார்த்தார். அப்போது பர்சனல் மேனேஜர் எழுந்து, பணிவாக ஒரு காகிதத்தை நீட்டினார். போன வாரம் வெளி ஆட்களை வைத்து அளந்த சான்றிதழ் என்றார். இழுவை எண்பத்து நாலு புள்ளி மூன்று.

"அது புது ஃபேனுங்க!" என்று மாசாணம் கத்திவிட்டார். "இப்ப மாட்டுனதுங்கம்மா! நாஞ் சொன்னதுக்கு அப்புறம் மாட்டுனது!"

"பழைய ஃபேன் வயசாயிருச்சு, வழக்கமா மாத்தறதுதானுங்க" என்றார் மேனேஜர். "ஏழு வருசம் அவர் எழுதினதும் எண்பத்து நாலு, இன்னிக்கு அளந்ததும் எண்பத்து நாலு. எங்க மில்லுல அவரளவுக்கு ஒழுங்கா ரிஜிஸ்டர் எழுதினவங்க யாருமில்லீங்க, நாங்களே ஷீல்டு குடுத்திருக்கோம். இப்ப சம்சாரத்துக்கு முடியாமப் போகவும் மாத்திச் சொல்றாரு. மனுசன்தானுங்களே, நான் தப்புன்னு சொல்ல மாட்டேன்."

குழு வெளியே காத்திருக்கச் சொன்னது. அரை மணி கழித்துக் கூப்பிட்டு, டாக்டரம்மா தாமே விளக்கிச் சொன்னார். அன்றன்றைக்கு, எந்த ஆதாயமும் இல்லாத நிலையில் எழுதிய பதிவைத்தான் குழு எடுத்துக்கொள்ள முடியும். பின்னால் கணவர் எழுதிக் கொடுப்பதை அதற்கு மேலாக வைக்க வழியில்லை. சங்கடமாகத்தான் இருக்கிறது, மன்னிக்க வேண்டும்.

தன் கையெழுத்தை ஊர் நம்ப வேண்டும் என்று இருபத்தாறு வருடம் பாடுபட்டார் மாசாணம். நம்பிவிட்டார்கள். இனி அவரே வந்து வேண்டாமென்றாலும் விடமாட்டார்கள்.

இருவரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். இருநூறு அடி தூரத்துக்குக் கால் மணி ஆனது. சோமனூர் பஸ் வந்தது. படியில் அவளைக் கைத்தாங்கலாக ஏற்றி, ஜன்னலோரம் உட்காரவைத்து, பலகைச் சாக்கைக் காலடியில் போட்டார். அவள் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள், ரோட்டுப் புழுதிகூட இப்போது ஆகாது.

மாசாணத்துக்கு அடக்க முடியவில்லை. பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பதும் தெரியவில்லை.

"நாஞ் சொன்னதுல ஒரு எழுத்துப் பொய்யுண்டா அம்மணி? கூடவே நின்னு கண்ணால பாத்தவன் சொல்றேன். பலகையக் கொண்டுபோய் மூஞ்சிக்கு முன்னால வெச்சுக் காட்டறேன். நம்ப மாட்டேங்கறாங்களே. ஒருத்தரு, ஒருத்தராச்சும் நம்புனாங்களா? இத எப்படி அம்மணி தாங்கறது?"

மயிலாத்தாள் மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாக்கியம் பேசுவதற்கு அவள் இப்போதெல்லாம் முன்கூட்டியே தயாராக வேண்டியிருந்தது.

"உங்களுக்கு... இன்னிக்கு ஒரு நாளுதானுங்களே" என்றாள். நிறுத்தி, இன்னொரு மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்கு ஏழு வருசமுங்க."

அதில் கோபம் இல்லை. கோபப்படுகிற அளவுக்கு அவளிடம் காற்று இல்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார்.  மாசாணம் இரண்டு விரலைக் காட்டினார். எந்த ஊருக்கு என்று கண்டக்டர் மறுபடியும் கேட்டுக்கொண்டே நின்றார்.